மேசைகள் குறையும் துவக்குச் சந்தை

ஒஹாயோ மாநிலத்தின் சிறிய நகரமொன்றில் வருடத்துக்கு ஒரு தடவை கால்நடைக் கண்காட்சி நடக்கும் பெரிய தகரக் கொட்டகை அது. அக்கா வீட்டில் தங்கியிருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை காலை அத்தான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் தலைக்கு 10 டொலர் வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் முத்திரை குத்தினார்கள். விற்பதற்காகத் துவக்குடன் வந்தவர்கள் தனி வரிசையில் நின்றார்கள். ரவை இல்லை என்பதைப் பார்த்த பின்னர், ஒருவர் ஒவ்வொரு துவக்கையும் இயக்க முடியாதபடி பிளாஸ்டிக் பட்டி ஒன்றைப் பூட்டி உள்ளே அனுப்பினார்.

இதைத்தான் அமெரிக்கர்கள் ‘கன் ஷோ’ என்கிறார்கள். கண்காட்சி என்று மொழிபெயர்த்தால் பிழையாகிவிடும், இது சந்தை. ஆனால் நான் நுழைந்த முதல் வரிசையில் துவக்கே இல்லை. உலர்த்திய மாட்டிறைச்சிப் பொதிகள், தேன் போத்தல்கள், கத்திகள், அரசியல் வாசகங்கள் எழுதிய ரீசேர்ட்டுகள், பழைய இராணுவச் சீருடைகள், கைபேசி உறைகள். “முந்தி இப்பிடி இல்லை” என்றார் அத்தான். அவர் வேட்டைக்குப் போகிறவர் அல்லர். வேலைத்தலத்து நண்பர்களோடு பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இடையிடையே வந்து பார்க்கிறவர். அன்று கொட்டகையின் பின்பக்கத்தில் மூன்று வரிசை மேசைகள் வெறுமையாகவே கிடந்தன.

மூலையில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், பச்சைத் துணி விரித்த மேசையில் பதினைந்து வரையான பழைய துவக்குகளை அடுக்கியிருந்தார். அவற்றில் ஒன்று சீனத் தயாரிப்பான எஸ்.கே.எஸ். வீதித் தடைகளில் டி-56 துவக்கைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அதன் மரப்பிடியும் முனையில் மடிந்து கிடந்த கத்தியும் எங்கேயோ பார்த்த முகம்போல இருந்தன. சீன இராணுவம் இதற்கும் ‘ரகம் 56’ என்றே பெயர் வைத்திருந்தது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவர் அதைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

“பிள்ளை, உதைக் கையிலை எடுக்காதையும். நீர் விசிற் விசாவிலை வந்திருக்கிறீர்” என்றார் அத்தான், தமிழில்.

அவர் சொன்னது சரி. பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் வெளிநாட்டவர், வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துவக்கு வைத்திருப்பதையோ வாங்குவதையோ அமெரிக்க மத்திய சட்டம் தடை செய்கிறது. நான் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த முதியவர் நான் யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அவர் உரிமம் பெற்ற வியாபாரி அல்லர், தன்னுடைய சொந்தச் சேகரிப்பை விற்கும் தனிநபர். வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தால் அல்லது அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் அவர் விற்கக்கூடாது. மத்திய சட்டம் அவரிடம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். வேறு மாநிலத்தவருக்கு அவர் நேரடியாக விற்க முடியாது என்பது இன்னொன்று.

பக்கத்து மேசைக்காரரின் நிலைமை வேறு. அவரிடம் உரிமம் இருக்கிறது. அவரிடம் வாங்குபவர் 4473 இலக்கப் படிவத்தை நிரப்பி, அடையாள அட்டையைக் காட்டி, எப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். ஒரே கூரையின் கீழ், இரண்டு அடி இடைவெளியில் இரண்டு சட்டங்கள். ‘துவக்குச் சந்தை ஓட்டை’ என்று அமெரிக்க அரசியலில் முப்பது வருடங்களாகப் பேசப்படுவது இதைத்தான்.

இந்த இரட்டை நிலை எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜோன் எப். கென்னடியைக் கொல்லப் பயன்பட்ட துவக்கு, விளம்பரம் பார்த்து, பொய்ப்பெயரில், தபாலில் வரவழைக்கப்பட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பின்னர், அதே ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் தபால்வழி விற்பனையை முடக்கியது. உரிமம் பெற்ற வியாபாரி தன் கடையில் வைத்தே விற்க வேண்டும் என்றும் ஆனது. ஆகவே சந்தைகள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் கூடல்களாகவே இருந்தன. 1984இல் விதி தளர்த்தப்பட்டு, வியாபாரிகள் தங்கள் மாநிலத்துக்குள் நடக்கும் சந்தைகளில் விற்கலாம் என்றானது. 1986இல் ரேகன் கையெழுத்திட்ட சட்டம் அதை உறுதிப்படுத்தியதோடு, தனிநபர் இடையிடையே விற்பது வியாபாரம் ஆகாது என்றும் தெளிவாக எழுதியது. மத்திய அரசு துவக்குப் பதிவேடு வைத்திருப்பதையும் அதே சட்டம் தடுத்தது.

அதன் பிறகு வந்தது சந்தைகளின் பொற்காலம். அப்போது வியாபார உரிமத்துக்கு வருடக் கட்டணம் 10 டொலர் மட்டுமே. கடை இல்லாமல் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே வியாபாரம் செய்தவர்கள் ஏராளம், வார இறுதியில் அவர்களுக்குச் சந்தைதான் கடை. 1993இல் பிரேடி சட்டத்தோடு கட்டணம் மூன்று வருடங்களுக்கு 200 டொலராக உயர்ந்தது, உள்ளூர்ச் சட்டங்களைப் பின்பற்றுவதற்கான நிபந்தனைகளும் இறுகின. 1994இல் சுமார் 245,000 ஆக இருந்த வியாபாரிகளின் எண்ணிக்கை 2007இல் 50,000 அளவுக்கு இறங்கியது. சந்தைகளின் தேய்வுக்கு எல்லோரும் இணையத்தைக் காரணம் சொல்கிறார்கள். என் பார்வையில் மேசைக்காரர்களின் இந்த முதல் வெளியேற்றம் இணையத்துக்கு முன்னரே ஆரம்பித்துவிட்டது. உரிமத்தைக் கைவிட்டவர்களில் ஒரு பகுதியினர் ‘தனிநபர்’களாக அதே மேசைகளுக்குத் திரும்பி வந்தார்கள் என்பது வேறு கதை.

ஆனாலும் 1998இல் மட்டும் நாடு முழுவதும் 4,442 சந்தைகள் விளம்பரப்படுத்தப்பட்டதாக அரசாங்க அறிக்கை ஒன்று கணக்கிட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் பாடசாலையில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகள் இருவரும் வயது குறைந்தவர்களாக இருந்தபோது, 18 வயதான தோழி ஒருவர் டென்வர் பகுதிச் சந்தையொன்றில் தனிநபர்களிடம் மூன்று துவக்குகளை வாங்கிக் கொடுத்திருந்தார். அதே மே மாதம் செனட் சபை சந்தைகளில் எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்ற திருத்தத்தை 51க்கு 50 என்று, துணை ஜனாதிபதி அல் கோரின் வாக்கோடு நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் அது செத்துப்போனது. 2000ஆம் ஆண்டில் கொலராடோவிலும் ஒரிகனிலும் மக்களே வாக்களித்து அந்த ஓட்டையைத் தங்கள் மாநிலங்களில் அடைத்தார்கள்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஒரு பெயர் நிலைத்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள பொருள் நகர்ந்துவிட்டாலும் செய்தி அந்தப் பெயரையே துரத்திக்கொண்டிருக்கும் என்று விரிவுரையாளர் ஒருவர் சொல்வார். ‘துவக்குச் சந்தை ஓட்டை’ அப்படியான பெயர். ஓட்டை கொட்டகையில் இல்லை. அது தனிநபர் விற்பனையில் இருக்கிறது, எங்கே நடந்தாலும்.

முதியவரிடம் திரும்புகிறேன். முப்பது வருடங்களாக வருகிறாராம். ஒரு காலத்தில் மூன்று மேசைகள் எடுத்தவர், இப்போது ஒன்றோடு சரி. மேசை வாடகை, பெற்றோல், மதியச் சாப்பாடு எல்லாம் கழித்தால் மிச்சம் எதுவுமில்லை என்றார். அவருடைய பெரிய கோபம் கைபேசியின் மீது. முன்பு வருகிறவர்கள் பேரம் பேசினார்கள். இப்போது விலைத்துண்டைப் படம் எடுத்து, அங்கேயே நின்று, ஏலத் தளத்தில் அது என்ன விலைக்குப் போனது என்று பார்த்துவிட்டு நடந்துவிடுகிறார்கள்.

வாங்க வந்த இளைஞர் ஒருவர் சொன்னது நேரெதிர். “இந்தக் கிழவர்கள் எல்லாரும் இணையத்தின் ஆக உயர்ந்த விலையைப் பார்த்து அதையே எழுதி வைக்கிறார்கள். அதற்கு நான் ஏன் நுழைவுக் கட்டணமும் கொடுத்து, ஒரு மணித்தியாலம் கார் ஓடி வரவேண்டும்?” இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விலை முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருந்த அந்தச் சிறிய இடைவெளியில்தான் சந்தையின் உயிர் இருந்தது. யாரோ ஒருவருடைய தாத்தாவின் துவக்கு, அதன் பெறுமதி அறியாத பேரனின் மேசையில் மலிவாகக் கிடக்கும் என்ற நம்பிக்கையோடுதான் மக்கள் அதிகாலையில் வரிசையில் நின்றார்கள்.

இந்த வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுபோன ‘கன்புரோக்கர்’ ஏலத் தளம் 1999இல் தொடங்கியது, ஈபே துவக்கு விற்பனையை நிறுத்திய அதே வருடம். வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால் துவக்கு உங்கள் ஊரிலுள்ள உரிமம் பெற்ற வியாபாரி ஒருவருக்கே அனுப்பப்படும். அங்கே படிவம், சோதனை, ஒரு சிறு கட்டணம். கொட்டகை ஒன்றில் நூறு மேசைகள் என்றால் அங்கே நாடு முழுவதும் ஒரே மேசை.

சரக்கும் மாறிவிட்டது. சோவியத் காலத்து மோசின் நாகன்ட் துவக்கை 2000களின் தொடக்கத்தில் 100 டொலருக்கும் குறைவாக வாங்கலாம். சந்தைக்குப் போகிற பலருடைய முதல் துவக்கு அதுதான். இன்று அது பல நூறு டொலர். சீனத் துவக்குகளின் இறக்குமதியை 1994இல் கிளின்டன் நிறுத்தினார், ரஷ்ய ரவைகள் மீது 2021இல் தடை வந்தது. கிழக்கு ஐரோப்பியக் களஞ்சியங்களும் பெரும்பாலும் வற்றிவிட்டன. மலிவான பழைய இராணுவத் துவக்கு இல்லாத சந்தையில், புதிய கைத்துப்பாக்கியைக் கடை விலைக்கே வாங்க யார் வருவார்கள்? மாட்டிறைச்சிப் பொதிகள் முன்வரிசைக்கு வந்ததன் காரணம் இதுதான்.

சில மாநிலங்களில் சட்டமே கதவை மூடுகிறது. கலிபோர்னியாவின் டெல் மார் கண்காட்சித் திடலில் 2021 முதல் துவக்கு விற்க முடியாது. 2023 முதல் அந்தத் தடை மாநில அரசுக்குச் சொந்தமான எல்லாத் திடல்களுக்கும் விரிந்தது. பேச்சுரிமை பறிக்கப்படுகிறது என்று ஏற்பாட்டாளர்கள் வழக்காடினார்கள். 2024 ஜூனில் ஒன்பதாவது மேன்முறையீட்டு நீதிமன்றம் தடைகளை ஏற்றுக்கொண்டது. நெவாடா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் இப்போது தனிநபர் விற்பனைக்கும் சோதனை உண்டு. 2022இல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் ‘வியாபாரம்’ என்பதன் வரைவிலக்கணத்தை அகலமாக்கியது. அதை நடைமுறைப்படுத்த 2024இல் பைடன் நிர்வாகம் கொண்டுவந்த விதியை டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அங்கு தடுத்தது, ட்ரம்ப் நிர்வாகம் 2025இல் மீளாய்வுக்கு எடுத்தது. நான் பேசிய மேசைக்காரர்களில் எவருக்கும் இன்று எது சட்டம் என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. சிலர் அதனாலேயே விற்பதை நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் துவக்கு மோகம் குறைகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019இல் 28.4 மில்லியனாக இருந்த பின்னணிச் சோதனைகள், சந்தைகள் பலவும் பெருந்தொற்றால் மூடிக் கிடந்த 2020இல் 39.7 மில்லியனாக உயர்ந்தன. ஒரு சோதனை ஒரு விற்பனைக்குச் சமன் அல்ல என்றாலும் போக்கு தெளிவானது. பெரிய சந்தைகளும் சாகவில்லை. ஒக்லஹோமாவின் டல்சாவில் வருடத்துக்கு இரு தடவை கூடும் சந்தையில் 4,000க்கும் அதிகமான மேசைகள் உண்டு. தேய்வது சிறு நகரத்தின் தகரக் கொட்டகைதான்.

அது தேய்வதால் குற்றம் குறையுமா என்பதுதான் நான் கேட்க விரும்பிய கேள்வி. சிறைக்கைதிகளிடம் 2016இல் அமெரிக்க நீதித் திணைக்களம் நடத்திய ஆய்வில், குற்றத்தின்போது துவக்கு வைத்திருந்தவர்களில் 0.8 சதவீதத்தினரே அதைச் சந்தையில் பெற்றதாகச் சொன்னார்கள். 43 சதவீதத்தினர் தெருவிலும் கள்ளச் சந்தையிலும் பெற்றார்கள். தெருவுக்கு வரும் துவக்கு அதற்கு முன் எத்தனை கை மாறியது, அந்தக் கைகளில் ஒன்று ஒரு சந்தையில் நீண்டதா என்பது இந்த எண்ணில் தெரியாது. துவக்குச் சந்தைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அதை மட்டும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது. 2012 ஒக்டோபரில், விஸ்கொன்சின் மாநிலத்தில், துவக்கு வைத்திருக்க நீதிமன்றத் தடை இருந்த ஒருவர் ‘ஆம்ஸ்லிஸ்ட்’ என்ற விளம்பரத் தளத்தில் தனிநபர் விற்பவரைத் தேடிப் பிடித்தார். மறுநாள் மனைவி வேலை செய்த அழகு நிலையத்தில் மனைவியையும் வேறு இரு பெண்களையும் கொன்றார். கொல்லப்பட்டவரின் மகள் தளத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். மற்றவர்கள் பதிவிடும் உள்ளடக்கத்துக்குத் தளம் பொறுப்பல்ல என்று 2019இல் மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் டெக்சாஸின் ஒடெசாவில் ஏழு பேரைக் கொன்றவர், முன்னர் கடையில் பின்னணிச் சோதனையில் தோற்று, பின்னர் தனிநபரிடம் வாங்கியவர்.

கொட்டகையில் குறைந்தபட்சம் கண்கள் இருந்தன. மாறுவேடத்தில் அதிகாரிகள் நடமாடக்கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆய்வாளர்கள் மேசை மேசையாக நடந்து எழுதிவைக்க முடிந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர் கெரன் வின்டமியூட் 19 மாநிலங்களில் 78 சந்தைகளுக்குப் போய் அப்படித்தான் தன் அறிக்கையை எழுதினார். வாகனத் தரிப்பிடத்தில் இருவர் சந்தித்துப் பிரிவதை யார் போய் எழுதுவது?

சந்தை ஐந்து மணிவரை என்று பலகையில் போட்டிருந்தது. முதியவர் இரண்டரைக்கே துவக்குகளைத் துணியில் சுற்றத் தொடங்கினார். எஸ்.கே.எஸ். விற்கவில்லை. பேரன் அதைப் படம் எடுத்துத் தளமொன்றில் போட்டுவிடுவான், தனக்கு அதெல்லாம் தெரியாது என்றார். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அத்தான் தன் கைபேசியில் அப்படியொரு தளத்தைத் திறந்து, ‘தனிநபர் விற்பவர்கள்’ என்பதைத் தெரிவுசெய்து காட்டினார். 20 மைல் தூரத்தில் ஒரு எஸ்.கே.எஸ். இருந்தது, வேறொருவருடையது. காசு மட்டும், சந்திப்பது பேரங்காடியின் வாகனத் தரிப்பிடத்தில் என்று கீழே எழுதியிருந்தது.