கோவில்பட்டி நாட்காட்டி ஓவியர்களும் சிவகாசி அச்சகங்களும்

கோவில்பட்டி நாட்காட்டி ஓவியர்கள் என்போர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவரைச் சுற்றி உருவான மாணவர்களும் ஆவர். இவர்களைச் சங்கம் என்பதைவிடக் குருகுலம் என்பதே பொருந்தும். சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளின் பூசையறைச் சுவருக்கு வந்த தெய்வப் படங்களில் பெரும்பங்கு இவர்கள் வரைந்தவை.

தோற்றம்

கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சிலகாலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பின்னர் நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை வரைபவராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார். பேசும்படம் பரவியதும் நாடகக் குழுக்கள் நலிந்தன. 1940களின் தொடக்கத்தில் அவருடைய குழு கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன் முதலியோர் அவரிடம் கற்றனர். கொண்டையராஜு திருமணம் செய்துகொள்ளவில்லை, மாணவர்களே குடும்பம். புகைப்பட நிலையமும் ஓவியக்கூடமும் ஒன்றாக இருந்த காலம் அது. புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டுவது, பின்னணித் திரை வரைவது ஆகியவற்றில் கிடைத்த வருமானமே முதலில் இவர்களைத் தாங்கியது.

நாடகத்திரையின் சாயலை இவர்களது படங்களில் எளிதில் காணலாம். முன்னால் முருகன் நேருக்கு நேராக நம்மைப் பார்த்து நிற்பார். பின்னால் தூண்கள், பூங்கா, குளம், அதற்கப்பால் நீலமலை. மேடையில் நிற்கும் நடிகரும் பின்திரையும் போன்ற அமைப்பு இது.

சிவகாசியுடன் தொடர்பு

1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பலவண்ண லேபிள் வேண்டும்; அதற்காக லித்தோ அச்சகங்கள் வளர்ந்தன. லேபிள் அச்சிட்ட இயந்திரங்களே நாட்காட்டியும் அச்சிட்டன. முகவர்கள் மாதிரிப் படங்களை ஊர் ஊராக எடுத்துச் செல்வர். கடைக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் படத்தின் கீழே அவருடைய கடைப்பெயர் அச்சாகும். ஆண்டு முடிந்ததும் தாள்கட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டும் வழக்கம் இன்றும் கிராமங்களில் உண்டு.

கையொப்பம்

பல படங்களில் "சி. கொண்டையராஜு, டி.எஸ். சுப்பையா" என இரு பெயர்களும் சேர்ந்தே காணப்படும். ஆசிரியர் தன் பெயருக்கு அருகில் மாணவர் பெயரையும் எழுதியது அக்காலத்தில் சாதாரணமன்று. ஆனால் அந்தப் பெயர்கள் சந்தையில் நிலைக்கவில்லை. பொதுவாக ஓவியருக்கு ஒருமுறை தொகை கொடுக்கப்படும்; மூல ஓவியமும் மறுஅச்சு உரிமையும் அச்சகத்துக்குப் போய்விடும். எத்தனை லட்சம் பிரதிகள் விற்றாலும் ஓவியருக்கு அதில் பங்கில்லை. வேறு அச்சகங்கள் நகலெடுத்தபோது கையொப்பமும் காணாமற்போனது.

ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் கலை வரலாற்றில் இடம்பெற்றன. கோவில்பட்டிப் படங்களோ நெடுங்காலம் "காலண்டர் படம்" என்று ஏளனமாகவே பேசப்பட்டன. அவற்றை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ். இவர்களில் பலருடைய பெயர்களை நாம் அறிவதற்கு அவருடைய கட்டுரைகளும் ஒரு காரணம். வீட்டில் பழைய தெய்வப் படம் இருந்தால் அதன் அடி ஓரத்தைப் பார்க்கலாம். சட்டத்தின் விளிம்புக்குள் அந்தக் கையொப்பம் மறைந்திருக்கக்கூடும்.