கனடாவில் பிரெஞ்சு இமெர்ஷன்: பிள்ளையைச் சேர்க்குமுன் தமிழ்ப் பெற்றோர் அறிய வேண்டியவை

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் போன்ற இடங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர், பிள்ளைக்கு நான்கு வயதாகும்போதே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. வழமையான ஆங்கில வகுப்பில் தொடர்வதா, பிரெஞ்சு இமெர்ஷனில் சேர்ப்பதா? பெரும்பாலான வீடுகளில் தாய்க்கோ தந்தைக்கோ பிரெஞ்சு தெரியாது. வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைக்கு மூன்றாவது மொழி பாரமாகிவிடுமோ என்ற பயம் ஒருபுறம். பிற்காலத்தில் நல்ல வேலைக்கு உதவும் என்ற எதிர்பார்ப்பு மறுபுறம். யாழ்ப்பாணத்திலிருந்து வட்ஸ்அப்பில் பேசும் அம்மம்மாவுக்கோ வேறொரு கவலை: பேரப்பிள்ளையின் தமிழ் என்னவாகும்?

எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிப்பிக்காமல், ஏனைய பாடங்களையும் பிரெஞ்சிலேயே படிப்பிப்பதுதான் இமெர்ஷன். 1965 இல் மொன்றியலுக்கு அருகிலுள்ள சென். லம்பேர்ட் நகரில், ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால் இது பாலர் வகுப்பில் தொடங்கியது. பிரெஞ்சு பெரும்பான்மையாக உள்ள கியூபெக்கில், பாடசாலையில் படிக்கும் பிரெஞ்சு தங்கள் பிள்ளைகளுக்குப் போதாது என்பது அவர்களின் ஆதங்கம். மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வோலஸ் லம்பேர்ட்டும் அவரது குழுவினரும் அந்தப் பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1969 இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் சமஷ்டி அரசின் உத்தியோகபூர்வ மொழிகளாகச் சட்டமாக்கப்பட்டன. அதன்பின் இமெர்ஷன் ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. இன்று நாடு முழுவதும் 4 இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இதில் படிக்கிறார்கள்.

ஆகவே, பிரெஞ்சு தெரியாத பெற்றோரின் பிள்ளைகளுக்காகவே உருவான திட்டம் இது. “எங்களுக்கே தெரியாதே” என்பது சேர்க்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

குழப்பமான பெயர்கள்

ஒன்ராறியோவில் ஆங்கில மொழிப் பாடசாலைகளில் தரம் 4 முதல் 8 வரை எல்லா மாணவர்களும் பிரெஞ்சு படிக்க வேண்டும். இந்த அடிப்படை வகுப்பில் தரம் 8 முடியும்போது குறைந்தது 600 மணித்தியாலங்கள் பிரெஞ்சு கிடைக்கும். ‘எக்ஸ்டெண்டட்’ எனப்படும் விரிவான வகுப்பில் அது 1,260 மணித்தியாலங்கள். இமெர்ஷனில் 3,800. இந்த வித்தியாசமே இமெர்ஷன் மாணவரின் பிரெஞ்சு அறிவுக்கு முதற்காரணம்.

பிரெஞ்சு மொழிப் பாடசாலை என்பது வேறு. அது பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினருக்காக அரசியலமைப்பின் கீழ் உறுதிசெய்யப்பட்ட தனிப் பாடசாலை முறைமை. அதேபோல, மொன்றியலில் உள்ள உறவினர்களின் பிள்ளைகள் சரளமாகப் பிரெஞ்சு பேசுவதை இமெர்ஷனோடு ஒப்பிடக்கூடாது. கியூபெக்கின் 1977 ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி குடிவரவாளரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலைக்கே செல்ல வேண்டும். அங்கே கடைத்தெருவிலும் விளையாட்டு மைதானத்திலும் பிரெஞ்சு கேட்கும். ஸ்காபரோ இமெர்ஷன் மாணவருக்கு அது பெரும்பாலும் வகுப்பறைக்குள்தான்.

ஆங்கிலம் பின்தங்குமா?

ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையில் இமெர்ஷன் எஸ்.கே. வகுப்பில் தொடங்குகிறது. தரம் 3 வரை பிரெஞ்சில் படிப்பு நடக்கும். தரம் 4 இல்தான் ஆங்கிலம் பாடமாக வரும். இதனால் முதல் சில ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் சற்றுப் பின்தங்கலாம். ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் பிள்ளைகள் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறார்கள் என்பதைப் பல தசாப்தகால ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இரண்டாம் தரப் பிள்ளை ஆங்கிலப் புத்தகம் வாசிக்கத் தடுமாறுகிறது என்று பதறி வெளியே எடுக்கும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிரெஞ்சைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்திருப்பது நல்லது. கேட்பதிலும் வாசிப்பதிலும் இமெர்ஷன் மாணவர்கள் மிகவும் முன்னேறுகிறார்கள். பேச்சிலும் எழுத்திலும் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை எட்டுவது அரிது.

தமிழை விடத் தேவையில்லை

பல வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். பிள்ளை இமெர்ஷனில் சேர்ந்ததும், “ஆங்கிலம் குறைந்துவிடும், வீட்டிலாவது ஆங்கிலம் பேசுவோம்” என்று பெற்றோர் தமிழைக் கைவிடுகிறார்கள். பாடசாலையில் பிரெஞ்சு, தொலைக்காட்சியிலும் நண்பர்களிடமும் ஆங்கிலம் என்றிருக்க, தமிழுக்கு இருந்த ஒரே இடமான வீடும் போய்விடுகிறது.

இதற்கு அவசியமே இல்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் கமின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் நீண்டகாலமாக வலியுறுத்தும் விடயம், முதல் மொழியில் பிள்ளை பெறும் அறிவும் வாசிப்புத் திறனும் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்பது. வீட்டில் தமிழில் கதை கேட்டு, காரணம் சொல்லி, கேள்வி கேட்டு வளரும் பிள்ளை, அந்தச் சிந்தனையைப் பிரெஞ்சுக்கும் கொண்டுபோகும். கனடாவில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ளாமல் வளரும் பிள்ளை இல்லை. தமிழைக் கற்றுக்கொள்ளாமல் வளரும் பிள்ளைகள் ஏராளம். கல்விச் சபைகள் நடத்தும் சர்வதேச மொழி வகுப்புகளில் தமிழும் உண்டு. ஆனால் வாரத்தில் சில மணித்தியால வகுப்பு, வீட்டில் பேசும் தமிழுக்கு ஈடாகாது.

வேலைவாய்ப்பும் யதார்த்தமும்

2021 குடிசன மதிப்பீட்டின்படி, கியூபெக்குக்கு வெளியே ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் உரையாடக்கூடியவர்கள் 9.5 சதவீதம் மட்டுமே. சமஷ்டி அரச சேவையில் ஏறத்தாழ பத்தில் நான்கு பதவிகளுக்கு இரு மொழிகளும் தேவை. ஆகவே வாய்ப்பு உண்மையானதுதான். ஆனால் தரம் 8 உடன் விட்டுவிட்டால் அந்தப் பயன் பெரும்பாலும் கிடைக்காது. உயர்தரப் பாடசாலையில் பிரெஞ்சு வழியில் 10 பாட அலகுகளை முடித்தவருக்கே ஒன்ராறியோவின் இமெர்ஷன் சான்றிதழ் கிடைக்கும். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படித்தால் கூடுதல் புள்ளி எடுக்கலாம் என்று அந்தக் கட்டத்தில் விலகுவோர் பலர்.

இன்னொரு விமர்சனமும் உண்டு. வசதியான குடும்பங்களின் பிள்ளைகள் இமெர்ஷனில் அதிகமாகவும், கற்றல் இடர்ப்பாடு உள்ள பிள்ளைகள் குறைவாகவும் இருக்கிறார்கள். இதனால் பொதுப் பாடசாலைக்குள்ளேயே ஒரு ‘தனியார் பாடசாலை’ உருவாகிறது என்பது அந்த விமர்சனம். கற்றல் இடர்ப்பாடு இருப்பதாலேயே ஒரு பிள்ளைக்கு இமெர்ஷன் பொருந்தாது என்று சொல்ல முடியாது. தேவையான விசேட உதவி அந்தப் பாடசாலையில் பிரெஞ்சு வகுப்பிலும் கிடைக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தகுதியான பிரெஞ்சு ஆசிரியர்களுக்கான தட்டுப்பாடும் பல இடங்களில் நிலவுகிறது.

விண்ணப்பிக்குமுன் கேட்க வேண்டியவை

• எந்தத் தரத்தில் தொடங்குகிறது? யோர்க் பிராந்தியத்தில் தரம் 1. ரொறன்ரோவில் எஸ்.கே. தவிர தரம் 4 இலும் சேர வழியுண்டு.

• விண்ணப்ப முடிவுத் திகதி எது? பெரும்பாலும் செப்டெம்பர் வகுப்புக்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். பீல் போன்ற சபைகளில் இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டு, குலுக்கல் முறையில் தெரிவு நடக்கிறது.

• பாடசாலை எவ்வளவு தூரம்? பஸ் கிடைக்குமா? இல்லையென்றால் வேலைக்குப் போகும் பெற்றோரில் யார் ஏற்றி இறக்குவது?

• வீட்டுப்பாடத்துக்குப் பாடசாலை என்ன உதவி செய்யும்?

• கணிதம் எந்த மொழியில்? இது சபைக்குச் சபை மாறுபடும்.

• இமெர்ஷன் தொடரும் உயர்தரப் பாடசாலை அருகில் இருக்கிறதா?

இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைத்து, பிள்ளையும் பாடசாலையை விரும்பினால், தயங்காமல் சேர்க்கலாம். தூரமோ வேலை நேரமோ பொருந்தாவிட்டால் ஆங்கில வகுப்பிலேயே விடலாம். தரம் 4 இல் பிரெஞ்சு எப்படியும் வரும். எந்த வகுப்பைத் தெரிவுசெய்தாலும், வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.