வல்வில்லின் வலிமையும் கணையின் வேகமும்

1545ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு நூல் வெளிவந்தது. ஒரு கப்பல் மூழ்கியது. இரண்டும் வில்லோடு தொடர்புடையவை. நூலை எழுதியவர் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த அறிஞர் ரோஜர் ஆஸ்கம். நூலின் பெயர் ‘டாக்சோஃபிலஸ்’. கப்பல், எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பலான மேரி ரோஸ். பிரெஞ்சுக் கடற்படையை எதிர்கொள்ளப் புறப்பட்ட அக்கப்பல், அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே, சோலன்ட் நீரிணையில் கவிழ்ந்து மூழ்கிற்று. அதிலிருந்த சில நூறு பேரில் உயிர் தப்பியோர் மிகச் சிலரே.

வில்லை எவ்வாறு பயில வேண்டும் என்பதை நூல் சொல்லிற்று. அவ்வில் எத்தகையது என்பதற்கான சான்றைக் கப்பல் தன் வயிற்றில் சுமந்தபடி 437 ஆண்டுகள் கடற்சேற்றில் கிடந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின்னரே ஆங்கிலேயரின் நெடுவில்லைப் பற்றிய உண்மை ஓரளவு துலங்கியது.

சொற்காதலனும் விற்காதலனும்

ஆஸ்கமின் நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. உரையாடுவோர் இருவர். ஒருவன் பெயர் டாக்சோஃபிலஸ். கிரேக்கத்தில் ‘வில்லை நேசிப்பவன்’ என்பது பொருள். மற்றவன் ஃபிலோலோகஸ், சொல்லை நேசிப்பவன். விற்காதலன் விடை கூற, சொற்காதலன் வினவுகிறான். நிற்றல், நாணில் பொருத்தல், இழுத்தல், நிறுத்தல், விடுத்தல் என ஐந்து படிகளாக விற்பயிற்சியை நூல் பகுத்துரைக்கிறது. மரத்தின் தேர்வு, இறகின் வளைவு, காற்றின் போக்கு ஆகியவற்றையும் அது விட்டுவைக்கவில்லை.

இலக்கிய அன்பர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் அதில் உண்டு. இலத்தீனிலோ கிரேக்கத்திலோ எழுதுவது ஆஸ்கமுக்கு எளிது. அறிஞர் அவையில் பெருமை தருவதும் அதுவே. ஆயினும் இங்கிலாந்து மக்களுக்கான பொருளை ஆங்கிலத்திலேயே எழுதுவதாக அவர் காரணம் காட்டி எழுதினார். ஆங்கில உரைநடையின் தொடக்க கால நன்னூல்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. மன்னர் அதனை ஏற்று, ஆண்டுக்குப் பத்துப் பவுன் உதவித்தொகை வழங்கினார்.

இத்துணை நுட்பமாக எழுதியவர் ஒன்றை மட்டும் எழுதவில்லை. போர்வீரன் ஏந்திய வில்லை முழுதும் வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற எண் நூலில் இல்லை. வில்லாளனின் வலிமைக்கு ஏற்ற வில்லே நல்ல வில் என்ற அளவில் நின்றுவிடுகிறார். அவர் காலத்தில் அவ்வெண்ணைக் கேட்பார் எவருமிலர். ஊர்தோறும் வில்லாளர் இருந்த நாட்டில் வில்லின் வலிமையை யாருக்கு விளக்குவது?

எழுந்த ஐயம்

நாணை முழுதும் இழுத்துப் பிடிக்கத் தேவையான விசையை வில்லாளர் பவுண்டில் அளப்பர். 50 பவுண்டு வில் என்றால், ஏறத்தாழ 23 கிலோ எடையைத் தூக்கும் வலிமை அதனை இழுக்க வேண்டும். பிற்காலத்தில் பொழுதுபோக்காக வில் பயின்றோர் 40, 50 பவுண்டு விற்களையே கையாண்டனர். அப்பழக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்த வரலாற்றாசிரியர் பலர், 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் படைகளை நிலைகுலையச் செய்த விற்களுக்கு 80 அல்லது 100 பவுண்டு விசை இருந்திருக்கும் என மதிப்பிட்டனர். அதற்கு மேல் சொல்வது மிகைக்கூற்று என்பது அவர்கள் எண்ணம்.

1982ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் மேரி ரோஸின் உடல் கடலுக்கு மேலே தூக்கப்பட்டது. அதற்கு முன்பே முக்குளிப்போர் அதிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்தனர். 170க்கு மேற்பட்ட நெடுவிற்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. பல விற்கள் பெட்டிகளில் அடுக்கியபடியே இருந்தன. அவற்றின் சராசரி நீளம் ஏறத்தாழ 2 மீட்டர், ஏந்தியவனைவிட உயரமானவை. எதிர்பார்த்ததைவிட அவை மிகப் பருமனாக இருந்தன. முற்றுப்பெறாத கட்டைகளோ இவை என்று சிலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

நூற்றாண்டுகள் நீரில் ஊறிய மரம் தன் பழைய விசையைக் காட்டாது. ஆகவே அறிஞர்கள் பருமனை அளந்து கணக்கிட்டனர். அதே அளவில் புதிய விற்களையும் செய்து பார்த்தனர். நடிகராகவும் நெடுவில்லின் வரலாற்றை எழுதியவராகவும் அறியப்பட்ட ராபர்ட் ஹார்டி இம்முயற்சியில் முன்நின்றார். கிடைத்த விடை 100 முதல் 185 பவுண்டு வரை. பெரும்பாலானவை 150 பவுண்டை ஒட்டியவை. 150 பவுண்டு என்பது 68 கிலோ. ஓர் ஆளின் எடையை மூன்று விரல்களால் காதுவரை இழுத்து விடுவதற்கு ஒப்பானது அது.

கொல்லிமலைத் தலைவன் ஓரியின் பெயருக்கு முன் நம் புலவர்கள் ‘வல்வில்’ என்ற அடையைச் சேர்த்தனர். மேரி ரோஸின் விற்களுக்கும் அச்சொல் பொருந்தும். இங்கு அதனையே ஆள்கிறேன்.

கணக்கு கூறும் உண்மை

வலிய வில் அம்பை மிக வேகமாகச் செலுத்தும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று.

ஹார்டியும் வரலாற்றறிஞர் மாத்யூ ஸ்டிரிக்லண்டும் 2005இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை பதிவாகியுள்ளது. மேரி ரோஸ் வில்லின் மாதிரியில் செய்த 150 பவுண்டு வில்லிலிருந்து எய்த 53.6 கிராம் அம்பு 328 மீட்டர் சென்றது; 95.9 கிராம் அம்பு 250 மீட்டர் சென்றது. காற்றின் தடையே இல்லை என்று கொண்டாலும், அத்தொலைவை எட்ட முதல் அம்பு நொடிக்கு 57 மீட்டரும் இரண்டாவது அம்பு 50 மீட்டரும் வேகம் பெற்றிருக்க வேண்டும். தடையைக் கருதினால் உண்மை வேகம் இவற்றைவிடச் சற்றுக் கூடுதலே.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்குக. அம்பின் எடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும் வேகம் ஏழில் ஒரு பங்களவே கூடியுள்ளது. காரணம் வில்லிலேயே இருக்கிறது. நாணை விட்டதும் அம்பு மட்டும் முன்னே பாய்வதில்லை. வில்லின் இரு கைகளும் உடன் பாய்கின்றன. வல்வில்லின் கைகள் கனமானவை. தேக்கிய ஆற்றலின் ஒரு பகுதியை அவையே உண்டுவிடுகின்றன. இலேசான அம்பைத் தொடுத்தால் அது விரைந்து பிரிந்துவிடுகிறது. எஞ்சிய ஆற்றல் வில்லை அதிரச் செய்து வீணாகிறது. கனத்த அம்போ நாணோடு நின்று நிதானமாக ஆற்றலைப் பெற்றுக்கொண்டு புறப்படுகிறது.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. 50 பவுண்டு விளையாட்டு வில்லும் 25 கிராம் அம்பை நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் எய்யவல்லது. வேகத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் வல்வில் அதே வேகத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு எடையைச் செலுத்துகிறது. விளையாட்டு வில்லின் அம்பு 31 ஜூல் ஆற்றலோடு செல்ல, வல்வில்லின் அம்பு 117 ஜூலுக்குக் குறையாமல் கொண்டு செல்கிறது. கனத்த அம்பைக் காற்று எளிதில் தளர்த்துவதில்லை. ஆதலால் தொலைவில் விழும்போதும் அதன் தாக்கம் பெரிதும் நிலைக்கிறது. மூன்று மடங்கு உழைப்பால் ஆங்கில வில்லாளன் பெற்றது வேகத்தை அன்று; எடையை அவ்வேகத்திலேயே செலுத்தும் வல்லமையை.

இவ்வல்லமைக்கும் எல்லை உண்டு. 2019இல் இங்கிலாந்தில் கைவினைஞரும் வில்லாளரும் வரலாற்றறிஞரும் கூடி, 160 பவுண்டு வில்லால் 80 கிராம் அம்புகளை, 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால முறையில் செய்த எஃகு மார்புக்கவசத்தின்மேல் எய்து பார்த்தனர். அம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர். மணிக்கு 198 கிலோமீட்டர். கவசம் துளைபடவில்லை. அம்புகள் மோதிச் சிதறின. சிம்புகள் கழுத்தை நோக்கித் தெறித்தன. எஃகுத் தகடு மறைக்காத இடங்களில் இரும்பு வளையக் கவசத்தையும் பஞ்சடைத்த உடையையும் அம்பு ஊடுருவிற்று. நெஞ்சைத் துளைத்து வீழ்த்திய மாயக்கணை என்ற கதை இதனால் குறைகிறது. கவசத்தின் இடுக்கையும் முகத்தையும் குதிரையையும் தேடி விழுந்த அம்புமழையின் கொடுமை குறையவில்லை.

உடலில் எழுதிய வரலாறு

இந்த வில்லை வளைத்தவர்கள் யார்? உழவர் வீட்டுப் பிள்ளைகள். 1363இல் மூன்றாம் எட்வர்டு, விடுமுறை நாள்களில் பந்தாட்டம் முதலியவற்றை விடுத்து வில் பயிலுமாறு ஆணையிட்டார். எட்டாம் ஹென்றியின் காலச் சட்டம், ஏழு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்குத் தந்தை ஒரு வில்லும் இரண்டு அம்புகளும் வாங்கித்தர வேண்டும் என்றது. 24 வயதைக் கடந்தவன் தொலைவு செல்லும் இலேசான அம்பைக்கொண்டு 220 கெசத்துக்குக் குறைந்த இலக்கில் எய்யலாகாது என்றும் விதித்தது. 220 கெசம் என்பது 201 மீட்டர். 2005ஆம் ஆண்டு நூலில் கண்ட தொலைவுகளுக்கு முன் வைத்தால், சட்டம் எவருக்கும் இயலாததைக் கேட்கவில்லை என்பது விளங்கும்.

1549இல் ஆறாம் எட்வர்டு மன்னர்முன் சமய உரையாற்றிய ஹியூ லாட்டிமர் தம் இளமையை நினைவுகூர்ந்தார். தந்தை தமக்கு வில் கற்பித்ததையும், கைவலிமையால் மட்டும் இழுக்காமல் உடலின் முழு எடையையும் வில்லில் செலுத்தப் பழக்கியதையும், வயதும் வலிமையும் கூடக்கூடப் பெரிய வில் வாங்கித் தந்ததையும் எடுத்துரைத்தார். நல்ல வில்லாளனைத் திடீரென்று ஆக்க இயலாது. அவன் வில்லோடு வளர வேண்டும் என்பதே அவ்வுரையின் சாரம்.

அவ்வளர்ச்சியின் தழும்பைக் கப்பலில் மாண்டோரின் எலும்புகளில் கண்டனர். தோள்பட்டை எலும்பின் நுனி, வளர்பருவத்தில் மற்றப் பகுதியோடு ஒட்டிக்கொள்ள வேண்டியது. மேரி ரோஸில் கிடைத்த எலும்புகளில், ஒட்டாமலே நின்றவை வழக்கத்தைவிட மிகுதியாக இருந்தன. இளமை முதல் கனத்த வில்லை இழுத்ததன் விளைவாகலாம் என்று எலும்பாய்வாளர் கருதினர். அரசின் ஆணை சிறுவரின் தோளில் இறங்கி எலும்புவரை சென்றிருக்கிறது. வல்வில்லின் புகழைப் பாடுவோர் இதனையும் நினைத்தல் தகும்.

விலகிய வில்

வில்லுக்குரிய யூ மரமும் எளிதில் கிடைக்கவில்லை. அதன் வெளிப்புற வெள்ளைமரம் இழுவையைத் தாங்கும். உட்புற வயிரம் அழுத்தத்தைத் தாங்கும். இரண்டும் ஒரே கட்டையில் அமைவதால் யூ இயற்கையே செய்தளித்த வில். மலைநாடுகளில் மெல்ல வளர்ந்த மரமே சிறந்தது என்பதால், வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் சரக்கில் டன் ஒன்றுக்கு நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டுமென 1472இல் சட்டம் வகுத்தனர்.

இதற்கிடையே துப்பாக்கி வளர்ந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆயுதசாலையிலுள்ள பழந்துப்பாக்கிகளை 1980களின் இறுதியில் சுட்டுப் பார்த்தபோது, குண்டுகள் நொடிக்கு 400 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்தன. அம்பு எட்டவே இயலாத வேகம் அது. துப்பாக்கிக்காரனைச் சில வாரங்களில் பழக்கலாம். வில்லாளனுக்கு ஓர் இளமைப்பருவம் வேண்டும். 1590இல் சர் ஜான் ஸ்மைத் வில்லுக்காக வாதாடி நூல் எழுதினார். அதே ஆண்டு சர் ரோஜர் வில்லியம்ஸ், 500 துப்பாக்கி வீரர் 1,500 வில்லாளரினும் பயன் தருவர் என எழுதினார். 1595இல் எலிசபெத் அரசியின் ஆட்சிமன்றம் பயிற்சிப் படைகளிலிருந்து வில்லை விலக்கிற்று.

வில் போயிற்று, வில்லுக்கென வளர்ந்த தோளும் போயிற்று. அதன்பின் வந்தவர்கள் தம் தோளைக்கொண்டு முன்னோரின் வில்லை அளந்தனர். பொருந்தவில்லை என்றதும் முன்னோர் மிகைப்படுத்தினர் என்றனர். ஆஸ்கம் ஒரே ஒரு வரியில் எடையைக் குறித்திருந்தால் இந்த ஐயத்துக்கே இடமிராது. அவர் மறைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எழுதுவானேன் என்று விட்டுவிட்டார். சொற்காதலனும் அதைக் கேட்கவில்லை.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் நம் வட்டத்தார் இதை மனத்திற் கொள்ளல் நன்று. அரியவற்றை எழுதப் பலர் முன்வருவர். நம் ஊரின் ஏற்றத்துக் கயிறு எத்தனை பாகம், மூட்டை தூக்கியவன் எவ்வளவு சுமந்தான், தறியில் நாளொன்றுக்கு எத்தனை முழம் நெய்தனர் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை, ஆதலால் எழுதப்படாதவை. அவற்றைச் சுமந்த தோள்கள் மறைந்தபின் நமக்காகச் சான்று கூற எந்தக் கப்பலும் சேற்றில் காத்திராது.