சிறார் உரிமை: எல்லை கடந்து கைகோக்கும் ஆசியான் அமைப்புகள்

ஒவ்வொரு குழந்தைக்கும் பெயரும் குடியுரிமையும் கல்வியும் வேண்டும். கொடுமைக்கு ஆளாகாமல் வளர வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட சிறார் உரிமை உடன்படிக்கையின் சாரம் இதுதான். மலேசியாவும் சிங்கப்பூரும் 1995-இல் அதில் இணைந்தன.

ஆனால், சிறாருக்கு எதிரான குற்றங்கள் ஒரு நாட்டுக்குள் அடங்குவதில்லை. கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களோடு பழகி, அவர்களின் பிள்ளைகளைச் சீரழித்த பிரிட்டிஷ் ஆடவர் ஒருவருக்கு 2016-இல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. 71 குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். ஆஸ்திரேலியக் காவல்துறை இணையத்தில் நடத்திய புலனாய்வே அவரைக் காட்டிக்கொடுத்தது. நாட்டை உலுக்கிய இந்த வழக்குக்குப் பின், 2017-இல் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் மலேசியாவில் நிறைவேறியது. மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் இக்குற்றத்தைச் செய்தாலும் இங்கே வழக்குத் தொடர அது வழி செய்கிறது.

வட்டார ஒத்துழைப்பில் முதலில் இறங்கியவை அரசு சாரா இயக்கங்களே. ஆசியச் சுற்றுலாத் தலங்களில் சிறார் பாலியல் தொழிலில் தள்ளப்படுவதை எதிர்த்து, 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் எக்பாட் இயக்கம் உருவானது. இன்று அது பேங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலகளாவிய கூட்டமைப்பு.

அரசாங்க அளவில், மகளிர், சிறார் உரிமைகளுக்கான ஆசியான் ஆணையம் 2010 ஏப்ரலில் ஹனோயில் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் உறுப்பு நாடும் மகளிர் உரிமைக்கு ஒருவர், சிறார் உரிமைக்கு ஒருவர் என இரு பிரதிநிதிகளை நியமிக்கும். இணையவழிச் சுரண்டலிலிருந்து சிறாரைக் காக்கும் பிரகடனத்தை ஆசியான் தலைவர்கள் 2019-இல் பேங்காக்கில் ஏற்றுக்கொண்டனர்.

இந்த ஆணையத்திற்கு ஒரு வரம்பும் உண்டு. முடிவுகள் ஒருமித்த கருத்தின்படியே எடுக்கப்படும். தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆகவே, அரசாங்கம் ஐ.நா. சிறார் உரிமைக் குழுவிடம் அறிக்கை தரும்போது, அரசு சாரா அமைப்புகள் ஒன்றுகூடி மாற்று அறிக்கை அளிக்கின்றன. அரசாங்க அறிக்கையில் விடுபட்டவை அதன் வழியே வெளிச்சத்துக்கு வருகின்றன.

நம் சமூகத்துக்கு நெருக்கமானது உடன்படிக்கையின் 7-ஆவது விதி. பிறப்புப் பதிவு, பெயர், குடியுரிமை ஆகியவற்றை வலியுறுத்தும் விதி அது. மலேசியா இதற்கும் வேறு சில விதிகளுக்கும் ஒதுக்கம் தெரிவித்தே உடன்படிக்கையில் இணைந்தது. 2010-இல் மூன்று விதிகள் மீதான ஒதுக்கத்தை மீட்டுக்கொண்டபோதும், 7-ஆவது விதி அவற்றில் இடம்பெறவில்லை.

கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட திருமணங்களின் விளைவை இங்கேதான் காண்கிறோம். முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்வது 1982 மார்ச் 1 முதல் கட்டாயம். பதிவு இல்லையென்றால், பிள்ளையின் குடியுரிமை தாயின் குடியுரிமையைப் பொறுத்தே அமையும். தாய் வெளிநாட்டவராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால், தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றவராகும் ஆபத்து உண்டு. பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைக் கட்டணம், வேலை என்று ஒவ்வொரு படியிலும் அது தடையாக நிற்கும்.

எனவே, திருமணத்தைப் பதிவு செய்வதே பிள்ளைக்கான முதல் பாதுகாப்பு. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதிய வேண்டும். சிறார் கொடுமைக்கு ஆளாவது தெரிந்தால், 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம்.