பூவா தலையா: டாக்கா இறுதியாட்டமும் 1970ஆம் ஆண்டின் விதியும்

2023 ஜூலை 4 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில் தெற்காசிய ஆடவர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் நடந்தது. இந்தியாவும் குவைத்தும் 1–1 எனச் சமநிலையில் நின்றதால், ஆட்டம் பெனால்டி உதைகளுக்குச் சென்றது. தலா ஐந்து உதைகளுக்குப் பிறகும் 4–4. ஆறாவது உதையை மகேஷ் சிங் கோலாக்கினார். குவைத்தின் ஆறாவது உதையை இந்தியக் கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் தடுத்தார். கோப்பை யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஏழு மாதங்கள் கழித்து அதே தெற்காசியக் கூட்டமைப்பின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் போட்டி டாக்காவில் நடைபெற்றது. 2024 பிப்ரவரி 8 அன்று நடந்த இறுதியாட்டத்தில் இந்தியாவும் வங்கதேசமும் மோதின. எட்டாவது நிமிடத்தில் ஷிபானி தேவி இந்தியாவுக்குக் கோல் அடித்தார். தோல்வி உறுதி என்றிருந்த கூடுதல் நிமிடங்களில் சாகரிகா வங்கதேசத்துக்காகச் சமன் செய்தார். பின்னர் பெனால்டி உதைகள். கோல்காப்பாளர்கள் உட்பட இரு அணிகளிலும் பதினொருவரும் உதைத்தனர், ஒருவர்கூடத் தவறவில்லை. 11–11.

விதி இவ்விடத்தில் தெளிவானது. அனைவரும் உதைத்து முடித்த பின்னும் சமநிலை நீடித்தால், வெற்றி முடிவாகும்வரை உதைகள் மீண்டும் தொடர வேண்டும். ஆனால் அன்று நாணயம் சுண்டப்பட்டது. இந்தியா வென்றதாக அறிவிக்கப்பட்டது. இந்திய வீராங்கனைகள் கொண்டாடினர். வங்கதேச வீராங்கனைகள் மைதானத்திலேயே நின்று முறையிட்டனர். முடிவு திரும்பப் பெறப்பட்டு, ஆட்டத்தைத் தொடருமாறு கூறப்பட்டபோது இந்திய அணி திரும்பி வரவில்லை. நெடுநேரத்துக்குப் பின் இரு அணிகளும் கூட்டு வெற்றியாளர்கள் என அறிவிக்கப்பட்டன.

பூவா தலையா பார்த்து வெற்றியை முடிவுசெய்வது கால்பந்துக்குப் புதிதன்று. 1968 ஜூன் 5 அன்று நேப்பிள்ஸ் நகரில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் ஆடிய ஐரோப்பிய அரையிறுதி கோலின்றி முடிந்தது. நாணயமே இத்தாலியை இறுதியாட்டத்துக்கு அனுப்பியது. அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேல் பல்கேரியாவிடம் குலுக்கலில் வெளியேறியது. அந்த மனக்குறையிலிருந்துதான் இஸ்ரேலியரான யோசஃப் தகான் பெனால்டி முறையை முன்மொழிந்தார். 1970 ஜூனில் சர்வதேசக் கால்பந்து விதிக்குழு அதை ஏற்றது. பெனால்டி முறையும் முழு நியாயமன்று என்போர் உண்டு. எனினும் அதில் முடிவு ஆடுவோரின் காலில் இருக்கிறது. சுண்டுவோரின் விரலில் அன்று.

ஆகவே டாக்காவில் நேர்ந்ததை வெறும் நடைமுறைக் குழப்பமாகக் கடந்துவிட இயலாது. 54 ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட முறை, ஒரு சர்வதேச இறுதியாட்டத்தில் மீண்டும் தலைகாட்டியது. இந்திய வீராங்கனைகள் கொண்டாடியது அவர்கள் பிழையன்று. வங்கதேச வீராங்கனைகள் முறையிட்டதும் பிழையன்று. இரு தரப்பாரும் தத்தம் பதினொரு உதைகளையும் கோலாக்கியவர்கள். பெங்களூருவில் ஆடவர்க்கு ஆறாவது உதையில் கிடைத்த தெளிவான முடிவு, இவர்களுக்குப் பன்னிரண்டாவது உதையிலோ அதற்கடுத்தோ கிடைத்திருக்கும். கூட்டுக் கோப்பை சினத்தைத் தணித்தது. ஆனால் அந்த உதையை எடுக்கும் உரிமையை எவருக்கும் திருப்பித் தரவில்லை. இளம் மகளிர் போட்டிகளை எண்ணிக்கையில் பெருக்குவதோடு, அவற்றுக்கு விதியறிந்த நடுவர்களையும் அலுவலர்களையும் அமர்த்துவதும் கூட்டமைப்புகளின் கடமையாகும்.