சாயம் போகாத சுவர்

மதுரையைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் கதிரறுப்பின்போது நெல்தாளின் நுனி கண்ணைக் கீறிவிடுவது நாம் அறிந்த செய்திதான். கீறல் உறுத்தலாகும், பின் சீழ் பிடிக்கும், இறுதியில் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பர் ஊரார். அந்தப் பூவின் வரலாற்றைத் தேடினால், பெர்லின் நகரத்துப் பிணவறை ஒன்றுவரை நாம் செல்ல நேர்கிறது.

1884ஆம் ஆண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் இளம் மருத்துவர், அங்கே கார்ல் ஃபிரீட்லாண்டரின் ஆய்வகத்தில், நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரல் திசுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். திசுவினின்றும் கிருமிகளைப் பிரித்துக் காண்பதே அவர் நோக்கம். ஊதாச் சாயமேற்றி, அயோடின் கரைசலில் தோய்த்து, ஆல்கஹாலால் கழுவினார். திசு நிறமிழந்தது; நிமோகாக்கஸ் கிருமிகளோ ஊதாவாகவே நின்றன. வேறு சில கிருமிகள் சாயத்தைக் காக்கவில்லை. தம் முறை குறையுடையதே எனினும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று அவர் அடக்கத்துடன் எழுதினார். சாயம் இழந்தவற்றுக்குச் சிவப்பேற்றும் வழக்கம் பின்வந்தோர் சேர்த்தது. 'கிராம் நேர்', 'கிராம் எதிர்' என்று நம் பாடநூல்கள் சொல்லும் பிரிவு இவ்வாறு பிறந்தது. இந்தக் கிராம் எடையன்று. ஒரு மனிதரின் பெயர்.

சாயம் ஏன் நிற்கிறது என்பதைக் கிராம் அறிந்திருக்கவில்லை. விடை செல்சுவரில் இருந்தது. கிராம் நேர் பாக்டீரியாவின் உள்சவ்வுக்கு வெளியே பெப்டிடோகிளைக்கான் என்னும் சர்க்கரை-புரதக் கண்ணிகளாலான வலை, அடுக்கடுக்காக 20 முதல் 80 நானோமீட்டர் தடிப்பில் அமைந்துள்ளது. அதனூடே டெய்க்காயிக் அமில இழைகள் ஊடுருவி நிற்கும். ஆல்கஹால் பட்டதும் இவ்வலை நீரிழந்து இறுகி, ஊதா-அயோடின் கூட்டை உள்ளேயே பூட்டிவிடுகிறது. கிராம் எதிர் வகையிலோ வலை மிக மெல்லியது. அதன்மேல் கொழுப்பு மிகுந்த புறச்சவ்வு ஒன்று உண்டு. ஆல்கஹாலில் அது சிதைய, சாயம் வெளியேறிவிடுகிறது.

இனி மதுரைக்குத் திரும்புவோம். 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994 சனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் கருவிழிப்புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர் சீனிவாசனும் குழுவினரும் ஆராய்ந்தனர். முடிவுகள் 1997இல் வெளியாயின. 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. 297 பேரின் புண்ணில் கிருமி வளர்ந்தது. அவர்களுள் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும். 139 பேருக்குப் பூஞ்சை மட்டும். பாக்டீரியாக்களில் முதலிடம், 44.3 விழுக்காடு, நிமோகாக்கஸுக்கு. பெர்லினின் நுரையீரலில் ஊதாவாக நின்ற அதே கிருமி, நம் மக்களின் கண்ணிலும் நின்றது. அடுத்து வந்த சூடோமோனாஸ் கிராம் எதிர் வகை.

140, 139 என்னும் இவ்விரு எண்களை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பாக்டீரியாவுக்குரிய மருந்து பூஞ்சையைக் கொல்லாது. கிருமியை வளர்த்து உறுதிசெய்ய நாட்கள் ஆகும். புண் அதுவரை காத்திராது. ஊகித்து மருந்திட்டால் ஏறக்குறைய நாணயம் சுண்டுவதற்கு ஒப்பாகும். எனவே புண்ணைச் சுரண்டியெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிராமின் சாயத்தில் தோய்த்து, சில நிமிடங்களில் உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். ஊதா நிற இரட்டைப் புள்ளிகளா, சிவந்த கோல்களா, பூஞ்சை இழைகளா என்பதைக் கண்டே முதல் மருந்து தீர்மானமாகிறது. ஊதாவைக் காத்த அச்சுவரின் கட்டுமானத்தைத் தடுத்தே பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கிருமியை அழிக்கின்றன என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

கிராம் 1938இல் மறைந்தார். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கண்ணில் தாள் கீறினால் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை அவர்கள் வீட்டில் சொல்லட்டும். குறையுடையது என அவரே கருதிய அம்முறை பயன் தருவது, நோயாளி உரிய நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே.