புனித எண்டா பள்ளியின் முன்னாள் மாணவர்கள்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் கவிஞரும் கல்வியாளருமான பாட்ரிக் பியர்ஸ் 1908இல் நிறுவிய இருமொழிப் பள்ளியில் பயின்று, 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சியில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகப் போரிட்ட இளைஞர்கள். ஐரிஷ், ஆங்கிலம் இரண்டிலும் பாடம் நடந்த இப்பள்ளி, 1910இல் ரானலாவிலிருந்து ராத்ஃபார்னம் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. படிப்பு முடிந்த பின்னரும் சிலர் அங்கேயே தங்கிப் பல்கலைக்கழகம் சென்றுவந்தனர்; எழுச்சிக்கு முந்தைய மாதங்களில் பள்ளியின் நிலவறையில் வெடிகுண்டுகளும் செய்தனர். எழுச்சியில் போரிட்ட ஐரிஷ் தொண்டர் படையின் ராத்ஃபார்னம் அணியில் இவர்கள் முதன்மையாக இருந்தனர்.

அர்ஜென்டினாவில் பிறந்த ஈமன் புல்ஃபின், எழுச்சியின்போது டப்ளின் தலைமை அஞ்சலகக் கூரையில் ‘ஐரிஷ் குடியரசு’ என்று எழுதிய பச்சைக் கொடியை ஏற்றினார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை குறைக்கப்பட்டது. பின்னர் அர்ஜென்டினாவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1919இல் அங்கேயே ஐரிஷ் குடியரசின் பிரதிநிதியானார். பியர்ஸின் செயலாளராக இருந்த டெஸ்மண்ட் ரயன் எழுச்சியின் வரலாற்றை எழுதினார். மாணவர்களைவிட ஆசிரியர்களே கடும் விலை கொடுத்தனர் எனலாம்: பியர்ஸ், அவர் தம்பி வில்லி, தாமஸ் மெக்டோனா, அணிவகுப்புப் பயிற்சியளித்த கான் கோல்பர்ட் ஆகியோர் 1916 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டனர். பள்ளி 1935இல் மூடப்பட்டது. ராத்ஃபார்னம் கட்டடம் இன்று பியர்ஸ் அருங்காட்சியகம்.